அப்பாவின் சைக்கிள் செயின்: இணைக்கலாமா, மாற்றலாமா?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா ஓட்டிய 24 இன்ச் ஃப்ரேம் கறுப்பு சைக்கிள் எட்டு ஒன்பது வருடமாக வீட்டுப் பக்கவாட்டில், ஓலைச் சார்ப்பின் கீழ் நின்றுகொண்டிருந்தது. போன வாரம் டியூப் மாற்றி, காற்று அடித்து, செயினில் தேங்காய் எண்ணெய் விட்டு ஓட்டத் தொடங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் கெடிலம் பாலத்தில் ஏறும்போது செயின் அறுந்துவிட்டது. கடையில் காட்டினால் செயின், ஃப்ரீவீல் (பின் சக்கரத்துப் பல் வட்டு), செயின் வீல் (பெடல் பக்கத்துப் பெரிய பல் வட்டு) மூன்றையுமே மாற்ற வேண்டும் என்கிறார்கள். “வெறும் லாக் போட்டு நானே இணைக்க முடியாதா? லாக்கை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது?” இவைதான் அவருடைய இரண்டு கேள்விகள்.

முடியும் தம்பி. லாக், அதாவது செயினின் இரண்டு நுனியையும் இணைக்கும், கழற்றி மாட்டக்கூடிய கண்ணி. அதைப் போடுவது பத்து நிமிட வேலை, கை பழகாதவருக்கு அரை மணி நேரம். ஆனால் கடைக்காரர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் சொன்னதில் எவ்வளவு சரி என்பதை ஒரு இரும்பு டேப்பை வைத்து நீங்களே அளந்து பார்த்துவிடலாம். இணைப்பதற்கு முன்னால் அந்த அளவையும், செயின் எதனால் அறுந்தது என்பதையும் பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் லாக் போட்டால் நாளைக்கு இன்னொரு கண்ணி அறுபடும்.

மஞ்சக்குப்பத்தில் என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மணிக்கணக்கில் வாடகைக்குப் போகும் சைக்கிள்களை யாரும் தன் சொந்த வண்டி போல ஓட்ட மாட்டார்கள். கடற்கரை மணலில் தள்ளிக்கொண்டு போவார்கள், கேரியரில் இரண்டு பேரை ஏற்றுவார்கள். அதனால் வாரத்துக்கு இரண்டு செயினாவது கைக்கு வரும். அறுந்த செயின் வந்தால் அப்பா முதலில் சுத்தியலை எடுக்கமாட்டார். அறுந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நானும் அதையே உங்களுக்குச் சொல்கிறேன்.

செயினைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு விதமான கண்ணிகள் மாறி மாறி வரும். ஒன்று உள்கண்ணி. அதில் இரண்டு தகடுகள், அவற்றைப் பிணைக்கும் இரண்டு குட்டிக் குழாய்கள், குழாய்களின் மேல் உருளும் இரண்டு உருளைகள். இன்னொன்று வெளிக்கண்ணி. அதில் இரண்டு தகடுகளும் இரண்டு பின்களும் மட்டும். வெளிக்கண்ணியின் பின், உள்கண்ணியின் குழாய்க்குள் நுழைந்து திரும்பும். பல்லின் மேல் உட்காருவது உருளை. இந்த அமைப்புக்கு 1880-இல் காப்புரிமை வாங்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்தியவர். இன்றைக்கும் உங்கள் அப்பாவின் சைக்கிளில் ஓடுவது அடிப்படையில் அதே செயின்தான்.

ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரைக்கும் அரை இன்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். உள்தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அரைக்கால் இன்ச். ஹெர்குலிஸ், ஹீரோ, அட்லஸ் என்று எந்தப் பெயர் போட்ட பழைய கறுப்பு சைக்கிளாக இருந்தாலும் இந்த அளவு மாறாது. உங்களுக்கு இது பெரிய வசதி. எத்தனை வருடம் பழைய சைக்கிளானாலும் செயினும் லாக்கும் இன்றைக்கும் சின்ன ஊர்க் கடையில்கூடக் கிடைக்கும். ஆனால் லாக் வாங்கும்போது கியர் சைக்கிள் லாக்கை வாங்கிவிடாதீர்கள். கியர் சைக்கிள் செயின் குறுகலானது. அந்த லாக்கில் இருக்கும் பின்களின் நீளம் போதாமல் வெளித்தகடு சரியாக உட்காராது. கடையில் “சாதா சைக்கிள் செயின் லாக்” என்று கேளுங்கள். முடிந்தால் அறுந்த துண்டையும் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சரி, இப்போது அறுந்த இடத்தைப் பாருங்கள்.

ஏற்கெனவே போட்டிருந்த லாக்கின் கிளிப் தெறித்து, லாக் கழன்று விழுந்திருந்தால் அதுதான் இருப்பதிலேயே நல்ல செய்தி. செயினில் குற்றம் இல்லை. கிளிப் தேய்ந்திருக்கும், அல்லது யாரோ திருப்பிப் போட்டிருப்பார்கள். புது லாக் போட்டால் முடிந்தது.

வெளிக்கண்ணியின் தகடு பின்னிலிருந்து பிதுங்கி வெளியே வந்திருந்தால், அல்லது தகடு ஓட்டையருகே விரிசல் விட்டிருந்தால், எங்கோ ஒரு கண்ணி மடங்காமல் இறுகியிருந்தது என்று அர்த்தம். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எட்டு வருடம் கடற்காற்றில் நின்ற செயினில் சில கண்ணிகள் துருவில் பூட்டிக்கொள்ளும். ஃப்ரீவீலில் பெரும்பாலும் 18 பல்தான். அந்தச் சின்ன வட்டத்தைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு கண்ணியும் நன்றாக மடங்கியாக வேண்டும். மடங்காத கண்ணியை நம் கால் பலத்தால் மடக்கினால், பின்னோடு சேர்ந்து தகடும் திரும்பப் பார்க்கும், ஓட்டை தளரும், பிறகு ஒரு நாள் தகடு கழன்று வரும். சமதரையில் மெதுவாகப் போகும்போது தாங்கிக்கொண்டிருந்தது, பாலம் ஏற எழுந்து நின்று மிதித்ததும் விட்டுவிட்டது.

உருளையோ உள்குழாயோ பிளந்து உடைந்திருந்தால் செய்தி நல்லதில்லை. துரு உள்ளேயே தின்றிருக்கிறது. ஒரு உருளை பிளந்த செயினில் மற்ற உருளைகளையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பாருங்கள். இன்னும் இரண்டு மூன்று பிளந்திருந்தால் அந்தச் செயினுக்காக மெனக்கெட வேண்டாம், புதிது போடுங்கள்.

அடுத்தது கழுவுவது. இங்கேதான் நம் கடலூர், புதுச்சேரி ஆட்கள் எல்லோரும் ஒரு தப்பு செய்கிறோம். நேராக மண்ணெண்ணெயில் போட்டுவிடுகிறோம். நம் செயினில் இருப்பது வெறும் அழுக்கு இல்லை, உப்பு. மண்ணெண்ணெயோ டீசலோ உப்பைக் கரைக்காது. தண்ணீர்தான் கரைக்கும். ஆகவே முதலில் ஒரு பழைய வாளியில் நல்ல சூட்டில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் துணி சோப்புத் தூள் போட்டு, செயினை ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, துணியால் துடைத்து வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். வெயில் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரமும் போய்விடும். அதற்குப் பிறகுதான் டீசலோ மண்ணெண்ணெயோ. ரேஷன் மண்ணெண்ணெய் இப்போது கிடைப்பது கஷ்டம், டீசல் போதும். ஒரு ராத்திரி முழுக்க ஊறட்டும். பெட்ரோல் வேண்டாம். அடுப்பு, விளக்கு எதற்கும் பக்கத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த வெள்ளத்தில் மூழ்கிய சைக்கிள்கள் நிறைய பேர் வீட்டில் இன்னும் அப்படியே நிற்கின்றன. அவற்றின் செயினில் உப்போடு வண்டல் மண்ணும் இருக்கும். அந்த மண் எண்ணெயோடு சேர்ந்தால் சாணைக்கல் மாவு மாதிரி பின்னைத் தேய்த்துவிடும். அப்படிப்பட்ட செயினைச் சுடுதண்ணீரில் மூன்று முறையாவது அலசுங்கள். ஃப்ரீவீலையும் பின் ஆக்ஸிலையும் பிரித்துப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

நீங்கள் விட்ட தேங்காய் எண்ணெய் பற்றி. வீட்டில் கைக்கு எட்டுவது அதுதான், அதனால் எல்லோரும் அதைத்தான் விடுகிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் சத்தம் போகும். பிறகு அது காற்றுப்பட்டுப் பிசுபிசுப்பாகிப் பசை போல ஒட்டும், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் அதற்கு எவ்வளவோ மேல். ஆனால் மெல்லியது, மழையில் சீக்கிரம் போய்விடும். நம் ஊருக்கு பைக்குக்கு ஊற்றும் எஞ்சின் ஆயில் நல்லது. புது ஆயில்தான். பைக்கிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலில் இரும்புத் துகள் இருக்கும், அதை விடாதீர்கள்.

கழுவிக் காய்ந்ததும் அளவு எடுங்கள். செயினைத் தரையில் நீட்டி, கொஞ்சம் இழுத்துப் பிடித்து, டேப்பின் பூஜ்ஜியத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். அங்கிருந்து 24 கண்ணி எண்ணினால், அதாவது 25-ஆவது பின்னின் நடு, சரியாக 12 இன்ச்சில் நிற்க வேண்டும். புதுச் செயினில் அப்படித்தான் நிற்கும். அரைக்கால் இன்ச், அதாவது 3 மில்லிமீட்டர் தள்ளி நின்றால் செயின் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருந்தால் இன்னும் ஓட்டலாம். ஒரே இடத்தில் அளக்காமல் இரண்டு மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தின்னாது.

செயின் இழுபட்டு நீண்டுவிட்டது என்று சொல்வோம். இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் அதன் குழாயும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட இடத்தில் மயிரிழை மயிரிழையாகத் தேய்ந்தது மொத்தமாகச் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 28 இன்ச் சக்கரம் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்று சுற்ற வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டரில் செயின் சுமார் 75 முறை முழுச் சுற்று வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பின்னும் இரண்டு முறை மடங்கி, இரண்டு முறை நிமிரும், ஆக நான்கு தடவை திரும்பும். கிலோமீட்டருக்கு 300 தடவை. நீங்கள் கடலூரிலிருந்து புதுச்சேரி போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு பின்னும் ஆறாயிரம் தடவைக்கு மேல் திரும்பியிருக்கும். நடுவில் எண்ணெய் இருந்தால் தாங்கும், மணல் இருந்தால் தாங்காது.

கடைக்காரர் ஏன் மூன்றையும் மாற்றச் சொல்கிறார் என்பதும் இதிலிருந்தே புரியும். தேய்ந்து நீண்ட செயின், பல்லின் அடிப்பகுதியில் உட்காராமல் மேலே ஏறி ஏறி உட்காரும். பல்லும் அதற்கேற்றபடி தேயும். நன்றாகத் தேய்ந்த பல் சுறாமீன் துடுப்பு போல ஒரு பக்கம் வளைந்து கூராகியிருக்கும். அந்தப் பல்லில் பழைய செயின் ஓடும், புதுச் செயின் ஓடாது. அழுத்தி மிதித்தால் மடக்கென்று தாண்டிக் குதிக்கும். அதனால் செயின் மாற்றினால் ஃப்ரீவீலையும் மாற்றுவது முறை. செயின் வீல் விஷயத்தில் அவர் கொஞ்சம் அவசரப்படுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. செயின் வீலின் ஒரு பல் ஒரு முறை செயினைப் பிடிக்கும் நேரத்தில் ஃப்ரீவீலின் ஒரு பல் ஏறக்குறைய இரண்டரை முறை பிடிக்கிறது. எனவே ஃப்ரீவீல் தேய்கிற வேகத்தில் செயின் வீல் தேயாது. எங்கள் கடையில் மூன்று ஃப்ரீவீலுக்கு ஒரு செயின் வீல் என்ற கணக்குக்கூட வந்ததில்லை. பல் கொக்கி போல வளையாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் உங்கள் செயின் வீலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, அளவு 12 இன்ச்சுக்கு மேல் அரைக்கால் இன்ச் தாண்டாமல் இருந்து, உருளைகள் நன்றாக இருந்தால், லாக் போட்டுப் பழைய செயினையே ஓட்டுங்கள். தாண்டியிருந்தால் செயினும் ஃப்ரீவீலும் புதிது. இதுதான் என் பதில். லாக் போடுவது இரண்டுக்கும் ஒன்றுதான்.

லாக் மூன்று துண்டுகள்: இரண்டு பின்கள் பதித்த ஒரு தகடு, தனித் தகடு ஒன்று, மீன் வடிவத்தில் ஒரு கிளிப். இது ஒரு வெளிக்கண்ணியின் இடத்தில் உட்காரும். அதனால் செயினின் இரண்டு நுனியிலும் உள்கண்ணி இருக்க வேண்டும். உங்கள் செயின் வெளிக்கண்ணியில் அறுந்திருந்தால் அந்தக் கண்ணியை முழுசாக எடுத்துவிட்டு அங்கே லாக்கைப் போடுங்கள். செயின் நீளம் துளியும் மாறாது. உள்கண்ணி உடைந்திருந்தால் வேலை கொஞ்சம் அதிகம். உடைந்த உள்கண்ணியையும், அதன் இரண்டு பக்கத்து வெளிக்கண்ணிகளையும் எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் ஒரே லாக் போட்டால் செயின் ஒரு இன்ச் குறையும். பின் சக்கரம் அரை இன்ச் முன்னால் வர வேண்டியிருக்கும். தேய்ந்த செயின் என்றால் சக்கரத்தை ஏற்கெனவே பின்னால் இழுத்து வைத்திருப்பார்கள், இடம் இருக்கும். இடம் இல்லையென்றால் ஒரு லாக், வேறொரு பழைய செயினிலிருந்து எடுத்த ஒரு உள்கண்ணி, இன்னொரு லாக் என்று கோத்துப் போடுங்கள். இரண்டு லாக் வாங்கச் சொன்னது இதற்குத்தான். இரண்டுக்கு மேல் லாக் போட்ட செயினை நான் நம்பமாட்டேன்.

பின்னைத் தட்டி எடுக்க செயின் கட்டர் இருந்தால் சுலபம். இல்லையென்றால் எங்கள் கடை வழி இது. பின்னின் தலை தகட்டுக்கு வெளியே கொஞ்சம் தட்டி விரித்திருக்கும். முதலில் அதை அரத்தால் தகட்டோடு சமமாக ராவிவிடுங்கள். இதைச் செய்யாமல் தட்டினால் தகட்டின் ஓட்டை பெருத்துவிடும். ராவியதும், பின் நுழைகிற அளவு துளையுள்ள ஒரு பெரிய நட்டைக் கல்லின் மேல் வைத்து, அதன் மேல் கண்ணியை வைத்து, நுனி மழுக்கிய கான்கிரீட் ஆணியால் பின்னைத் தட்டுங்கள். ஒரே அடியாக அடிக்காமல் இரண்டு பின்னையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கண்ணில் தெறிக்காமல் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டி எடுத்த அதே பின்னைத் திரும்ப அடித்து இணைக்கலாமா என்று நிறைய பேர் கேட்பார்கள். வழியில் மாட்டிக்கொண்டால் செய்யலாம், வீடு வந்து சேரும் வரைக்கும். தலை ராவிய பின் ஓட்டையில் பழைய பிடிப்போடு நிற்காது. ஒரு முறை நான் புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது தவளக்குப்பம் தாண்டியதும் செயின் அறுந்தது. லாக் கையில் இல்லை. கல்லில் வைத்துக் கல்லால் தட்டி அதே பின்னைப் போட்டு வந்தேன். கன்னியக்கோயில் வருவதற்குள் மறுபடியும் கழன்றுவிட்டது. மீதித் தூரம் தள்ளிக்கொண்டே வந்தேன். அன்றிலிருந்து சீட்டுக்கு அடியில், ஸ்பிரிங்கில் கம்பி கட்டி ஒரு லாக்கைக் கோத்து வைத்திருக்கிறேன்.

இனி மாட்டுவது. வண்டியைப் பின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கறுப்பு சைக்கிளைத் தலைகீழாக்கினால் கம்பி பிரேக்கும் மணியும் கோணும், தேவையில்லை. பின் சக்கர நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னால் தள்ளிவிடுங்கள். செயின் தளர்வாக இருந்தால்தான் லாக் எளிதில் நுழையும். செயின் கவர் இருந்தால் செயின் நுனியில் ஒரு சணல் கயிறு கட்டிக் கவருக்குள் விட்டு இழுத்துக்கொள்ளுங்கள். பழைய செயின் இன்னும் உள்ளேயே இருந்து புதுச் செயின் மாற்றுகிறீர்கள் என்றால், பழையதன் நுனியில் புதியதைக் கோத்து இழுத்துவிட்டால் போதும்.

இரண்டு நுனியையும் செயின் வீலின் மேல்பக்கத்தில், பக்கத்துப் பக்கத்துப் பல்லில் உட்கார வையுங்கள். பல்லே இரண்டையும் பிடித்துக்கொள்ளும், மூன்றாவது கை தேவைப்படாது. பின்கள் பதித்த தகட்டை உள்பக்கத்திலிருந்து, அதாவது சக்கரம் இருக்கும் பக்கத்திலிருந்து வெளியே வரும்படி நுழையுங்கள். மேலே தனித் தகடு. தகடு முழுசாக அழுந்தி, பின் நுனிகளில் இருக்கும் காடி (பள்ளம்) இரண்டும் வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் லாக் அளவு தப்பு, அல்லது உள்ளே அழுக்கு. காடி தெரியாமல் கிளிப்பை அழுத்தாதீர்கள்.

கிளிப் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. கிளிப்பின் மூடிய வட்ட முனை, செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். பிளந்த வால் பின்னால் வர வேண்டும். பெடல் மிதிக்கும்போது மேல்பக்கச் செயின் முன்னால் ஓடும். எனவே லாக் மேல்பக்கம் இருக்கும்போது வட்ட முனை ஹேண்டில்பார் பக்கம் இருக்க வேண்டும். அதே லாக் சுற்றிக் கீழ்ப்பக்கம் வரும்போது வட்ட முனை பின்னால் பார்க்கும். அதைப் பார்த்து யாராவது தப்பு என்று சொன்னால் குழம்ப வேண்டாம். பிளந்த வால் முன்னால் இருந்தால் கவரிலோ ஒரு குச்சியிலோ தட்டும்போது கிளிப் திறந்து தெறித்துவிடும். மீன் தலை முதலில் போகும், வால் பின்னால் வரும் என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். கிளிப்பின் பெயர் மறந்தாலும் அது மறக்காது.

கிளிப்பை இரண்டு காடியிலும் வைத்து, நோஸ் பிளேயரின் ஒரு தாடையை வால் பக்கத்துப் பின்னின் மேலும் மற்றதைக் கிளிப்பின் வட்ட முனை மேலும் வைத்து அழுத்துங்கள். டக்கென்று ஒரு சத்தம் வரும். வந்ததும் நகத்தால் கிளிப்பை நெம்பிப் பாருங்கள். அசையக்கூடாது. ஏற்கெனவே கழற்றிய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள், அதன் பிடிப்பு குறைந்திருக்கும்.

அப்புறம் இழுப்பு. இதைச் சரியாக வைக்காமல்தான் பாதிச் செயின்கள் கழல்கின்றன. பின் ஆக்ஸிலை இரண்டு பக்கமும் ஒரே அளவு பின்னால் இழுங்கள். அட்ஜஸ்டர் இருந்தால் இரண்டையும் சமமாகத் திருகுங்கள். டயர் இரண்டு பக்கத்துக் குழாய்க்கும் நடுவில் இருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரல் வைத்துத் தூக்கினால் அரை முதல் முக்கால் இன்ச் வரை ஏறி இறங்க வேண்டும். ஒரு இடத்தில் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். பெடலை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பழைய செயின் வீல்கள் நூலளவு கோணலாகச் சுற்றும், ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளரும். மிகவும் இறுகும் இடத்தில் அரை இன்ச் இருக்கும்படி வையுங்கள். அந்த ஏற்றத்தாழ்வு ரொம்ப அதிகமாக இருந்தால் காட்டர் பின் (பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் ஆப்பு) தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். இதை மறந்துவிட்டுச் சாலைக்குப் போகாதீர்கள்.

இந்த வேலை நடக்கும்போது வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் தள்ளி உட்கார வையுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளின் பெடலைக் குழந்தைகள் சுற்றாமல் இருக்கமாட்டார்கள். செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் விரல் மாட்டினால் விரல் நுனியே போய்விடும். நீங்களும் துணியால் துடைக்கும்போது பெடலைப் பின்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும், துணியைப் பல்லிலிருந்து தள்ளி, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் பிடிக்க வேண்டும்.

பூட்டிய கண்ணிகளைக் கண்டுபிடிக்கவும் பெடலைப் பின்னால் மெதுவாகச் சுற்றுங்கள். இறுகிய கண்ணி ஃப்ரீவீலைத் தாண்டி வரும்போது நிமிராமல் திமிறிக்கொண்டு வரும். அதில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு குறி போடுங்கள். எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக வளைத்து வளைத்து விடுங்கள். நான்கு ஐந்து தடவையில் இளகும். இளகாத கண்ணி வெளிக்கண்ணியானால் அங்கே இரண்டாவது லாக்கைப் போட்டுவிடலாம். நான்கைந்து கண்ணிகள் இளகாமல் நின்றால், அளவு சரியாக இருந்தாலும் புதுச் செயின் வாங்கிவிடுங்கள். உங்கள் சைக்கிளில் எண்ணெய் விட்டும் அறுந்ததற்குக் காரணம் இந்தக் கண்ணிகள்தான் என்று நினைக்கிறேன், அதனால் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

எண்ணெய் கடைசியில். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, உள்பக்கத்திலிருந்து. நூற்றுச் சொச்சம் சொட்டு, பொறுமையாக விடுங்கள். பத்து நிமிடம் பெடலைச் சுற்றிவிட்டு வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க்கு உள்ளேதான் வேலை. வெளியே வழிந்தது மணலைத்தான் பிடிக்கும். கிரீஸை மேலே பூச வேண்டாம். தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் அன்றைக்கே. சில்வர் பீச்சில் மணலுக்குள் தள்ளிக்கொண்டு போனால் வீட்டுக்கு வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய்.

சாலைக்குப் போகும் முன் ஒரு சோதனை. வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றபடி பெடலை ஒரு காலால் முழுப் பலத்தோடு அழுத்துங்கள். பெடலை வெவ்வேறு நிலையில் வைத்து ஏழெட்டு தடவை செய்யுங்கள். அறுபடுவதாக இருந்தால் அங்கேயே அறுபடட்டும். எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் அறுந்தால் கால் நழுவி உடம்பு முழுக்க முன் குழாயின் மேல் விழும். பாலத்தில் உங்களுக்கு அடிபடாமல் போனது நல்ல நேரம். முதல் இரண்டு நாள் லாரன்ஸ் ரோடு நெரிசலுக்குள் போகாமல் தெருவிலேயே ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் நாள் கிளிப்பை இன்னொரு முறை நகத்தால் நெம்பிப் பார்த்து, இழுப்பையும் சரிபாருங்கள். புதுச் செயினானால் முதல் மாதத்தில் கொஞ்சம் தளரும், ஒரு தடவை சக்கரத்தை இழுத்து வைக்க வேண்டியிருக்கும்.

பழைய செயினை மாற்றும்படி ஆனால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் நல்ல இடமாகப் பார்த்து ஓர் உள்கண்ணியைக் கழற்றி, கழுவி, எண்ணெய்த் துணியில் சுற்றி, இரண்டு லாக்கோடு சேர்த்து சீட்டுக்கு அடியில் கட்டி வையுங்கள். செயின் எந்தக் கண்ணியில் அறுந்தாலும் இரண்டு லாக்கையும் ஒரு உள்கண்ணியையும் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடலாம்.